ஐந்து வேளை ஒளுவும் ஆறாத பாதப் புண்ணும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாதப் புண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு பிரிவில் கட்டுக் கட்டுவது என் வேலை. அங்கே வந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதில் வரும் மார்க்கச் சட்டங்கள் அவர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று) அவருக்குத் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) அவருடைய காலைப் பார்த்துச் சொன்னவை. இன்னொருவருடைய காலுக்கு, இன்னொரு விதமான கட்டுக்கு, பதில் மாறலாம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தனக்குத்தானே ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை நோய் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து வேளையும் ஜமாஅத்தோடு, அதாவது கூட்டாக, தொழுகிறவர். தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவித் தலையைத் தடவும் சுத்தம்தான் ஒளு. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் ஒரு புண், சுமார் 15 மில்லிமீட்டர் அகலம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்திப் பார்த்தபோது எந்த இடத்திலும் அவருக்குத் தெரியவில்லை. அதாவது, பாதம் முழுக்க மரத்துவிட்டது. நாடித்துடிப்பு இரண்டு பாதத்திலும் நன்றாகக் கிடைத்தது, எலும்பு வரை புண் போகவில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சர்க்கரைச் சராசரி) 8.6. நல்ல அளவு இல்லைதான், ஆனால் இதைவிட மோசமான சர்க்கரையோடு வந்து ஆறிப்போன புண்களும் உண்டு. கணக்குப்படி இது ஆற வேண்டிய புண்.

முதல் மாதத்தில் கண்டது

சரியாகக் கவனிக்கப்படும் சர்க்கரைப் புண் நான்கு வாரத்தில் பரப்பளவில் பாதியாவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் எங்கேயோ ஏதோ தவறுகிறது என்று அர்த்தம், வைத்தியத்தையே திரும்பிப் பார்க்க வேண்டும். இவருக்கு நான்கு வாரம் கழித்துப் புண் அப்படியே இருந்தது. ஓரங்கள் மட்டும் வெளுத்து, ஊறி, தொட்டால் உரிந்து வந்தன. விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வேறு.

ஒவ்வொரு முறையும் கட்டு ஈரமாகவே வந்தது. "குளிக்கும்போது பட்டுச்சா?" என்று கேட்டால் இல்லை என்பார். பாலிதீன் பை கட்டிக்கொண்டுதான் குளிக்கிறாராம். அதில் பொய் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் நாங்கள் ஒட்டிய பிளாஸ்டர் ஒரு ரகம், அவர் காலில் வந்து சேர்ந்தது வேறு ரகம். நாங்கள் விளிம்பை மடித்து ஒட்டுவோம், அவர் கட்டில் விளிம்பு நேராக வெட்டி ஒட்டியிருந்தது. யாரோ வீட்டில் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் மிகச் சுத்தமாக, பொறுமையாக.

கோப்பில் யாரோ "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள். இந்த வார்த்தையை நான் எப்போதுமே சந்தேகத்தோடுதான் படிப்பது. கூட வந்த மகளிடம் கேட்டபோது, "வாப்பா ஊசியை ஒரு நேரம்கூடத் தவறவிட மாட்டாங்க, மாத்திரை டப்பாவை நானே பார்க்கிறேன்" என்றார். சர்க்கரை அளவைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைக்கிற மனிதர், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்காருகிற மனிதர், கட்டு விஷயத்தில் மட்டும் ஏன் ஒத்துழைக்காமல் போக வேண்டும்?

கட்டு ஏன் நனைந்தது

"ஒளு எப்படிச் செய்றீங்கன்னு ஒரு தடவை காட்டுங்களேன்" என்று கேட்டேன். நானும் தொழுகிறவன் என்பதால் கேட்க முடிந்தது, இல்லாவிட்டால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. வெறும் குவளையை வைத்துக்கொண்டு செய்து காட்டினார். முகம், கை, தலை எல்லாம் சரி. காலுக்கு வந்ததும் கட்டை மெல்லப் பிரித்து மடியில் வைப்பதுபோல் காட்டினார், மூன்று முறை தண்ணீர் ஊற்றினார், இடது கைச் சுண்டுவிரலைக் கீழிருந்து மேலாக விட்டு ஒவ்வொரு விரல் இடுக்காகக் கோதினார். இடுக்குகளில் தண்ணீர் போக வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட சுன்னத்து (கடமை இல்லாத, செய்தால் சிறப்பான செயல்) அது, அவர் அதைத் துல்லியமாகச் செய்தார். இடது காலின் கடைசி இடுக்கில் இருந்த புதுக் கீறலுக்கு, நாங்கள் பூஞ்சை வெடிப்பு என்று நினைத்திருந்ததற்கு, அப்போதுதான் காரணம் தெரிந்தது. அது நகம் பட்ட கீறல். மரத்த விரல் என்பதால் அவருக்குத் தெரியவே இல்லை.

பிறகு பேச்சுக் கொடுத்ததில் ஒவ்வொன்றாக வந்தது. ஒளு செய்த ஈரத்தைத் துடைக்க மாட்டார், துடைக்காமல் விடுவதே சிறப்பு என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தது. ஈரக் காலோடு புண்ணின் மேல் பஞ்சை வைத்து ஒட்டி, மேலே காலுறையும் போட்டுக்கொள்வார். ஊறாமல் என்ன செய்யும். புண்ணில் நீர் கசிந்தால் ஒளு முறிந்துவிட்டது என்று நினைத்து மறுபடி செய்வார். எங்கள் பிரிவில் என்னோடு கட்டுக் கட்டும் செவிலியர் பெண் என்பதால், கட்டுப் போட்டு வீட்டுக்குப் போனதும் கட்டைப் பிரித்து மறுபடி ஒரு ஒளு. ஆக, புதுக்கட்டு வீடு போய்ச் சேர்ந்த சிறிது நேரத்திலேயே அவிழ்ந்துவிடும்! சுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்று மகள் கண்டித்து, அது மட்டும் ஏற்கெனவே நின்றிருந்தது.

"எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்றதற்கு அவர் சொன்ன பதில் நியாயமானது. "தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்க. தொழாதேன்னு சொல்லிருவீங்களோன்னு இருந்துச்சு, தம்பி."

எங்கள் முன் இருந்த வழிகள்

பிரிவில் பேசினோம். முதலில் எல்லாருக்கும் தோன்றியது தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் தயம்மும். ஒரு மருத்துவர் உடனே கலவரப்பட்டார், "புண் இருக்கிற காலில் மண்ணைத் தேய்க்கப் போகிறாரா, டெட்டனஸ் வருமே" என்று. தயம்மும் முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும்தான், காலுக்கு மண் போகவே போகாது என்று விளக்கியதும் அமைதியானார். இருந்தாலும் அந்தப் பயம் வீண் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமுக்குத் தூசி எழும்பும் மண் வேண்டும், அந்தத் தூசிக் கையோடு கட்டைத் தொட்டால் பிரச்சினைதான். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டோம். மண்ணை மூடியுள்ள டப்பாவில் வைப்பது, தயம்முமுக்குப் பிறகு கட்டைத் தொட வேண்டியிருந்தால் கை கழுவிவிட்டுத் தொடுவது என்று எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது வழி தோல் காலுறை போட்டு அதன் மேல் ஈரக் கையால் தடவும் மஸ்ஹு. ஊரில் தங்கியிருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் இதற்கு அனுமதி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முழு ஒளுவோடு, கால் கழுவிய பிறகே அதைப் போட வேண்டும், தினமும் ஒருமுறையாவது கழற்றிக் கழுவத்தான் வேண்டும். அதோடு, உணர்ச்சி இல்லாத காலில் இறுக்கமான தோலை நாள் முழுக்கப் போட்டால் உள்ளே எங்கே உரசுகிறது என்பதே தெரியாது. விட்டுவிட்டோம்.

மூன்றாவது, கட்டின் மேல் மஸ்ஹு. இதற்கு அரபியில் ஜபீரா என்று தனிப் பகுதியே ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்களில் இருக்கிறது. இது சரியாக வரும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் சொல்லி அவர் கேட்கிற விஷயம் இல்லை இது. நான் ஆலிமும் இல்லை. அவர் நம்புகிற ஆலிமை, அவர் ஹஸ்ரத் என்று மரியாதையாக அழைப்பவரையே, கூப்பிடலாம் என்று முடிவு செய்தோம். மருத்துவர், அவர், மகள், நான், தொலைபேசியில் ஹஸ்ரத்.

ஹஸ்ரத் கேட்ட கேள்விகள்

அனுமதி உண்டு அல்லது இல்லை என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும் என்று மருத்துவர் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. ஹஸ்ரத் பதில் எதுவும் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டார். புண் எந்த அளவு, கட்டு எந்த அளவு? கட்டு புண்ணைத் தாண்டி நல்ல தோலையும் மூடுகிறது என்றால், அது கட்டு நிற்பதற்குத் தேவையான அளவா, அதற்கும் மேலா? பிரித்தால் என்ன கெடும்: புண் பெரிதாகுமா, ஆறுவது தள்ளிப்போகுமா, வலி மட்டும்தானா? கட்டின் மேல் ஈரக் கையால் தடவினால் உள்ளே தண்ணீர் இறங்குமா? குதிகாலும் கணுக்காலும் வெளியே தெரிகிறதா, அங்கே தண்ணீர் ஊற்றலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை பிரிப்பீர்கள்? கட்டுப் போடும்போது அவர் ஒளுவோடு இருந்தாரா?

மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துத்தான் பதில் சொன்னார். பாதிக் கேள்விகளை அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. நாங்கள் நோயாளிகளிடம் பொதுவாகச் சொல்லும் "தண்ணீர் படக் கூடாது" என்பது எவ்வளவு மொட்டையான வாக்கியம் என்று எனக்கு அங்கே உறைத்தது. எந்த இடத்தில் படக் கூடாது, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளைக்கு? இந்த விவரம் இல்லாமல் ஆலிமால் தீர்ப்புச் சொல்லவே முடியாது. விவரம் கையில் இல்லாத நோயாளி, பயபக்தி உள்ளவராக இருந்தால், பேணுதலான பக்கத்தையே எடுப்பார், அதாவது கழுவுவார். எங்கள் மொட்டை வாக்கியமும் அவருடைய பேணுதலும் சேர்ந்துதான் அந்தப் புண்ணை ஊற வைத்துக்கொண்டிருந்தன.

ஷாஃபிஈ நூல்களில் தயம்முமுக்கான காரணங்களில் ஒன்றாகக் குணமாவது தாமதப்படும் என்ற பயமும் எண்ணப்பட்டிருக்கிறது. உயிருக்கே ஆபத்து வர வேண்டும் என்பதில்லை. இதைக் கேட்டதும் நோயாளியின் முகம் மாறியதைப் பார்த்தேன். கால் போய்விடும் நிலை வந்தால்தான் சலுகை என்றே இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். ஆபத்தைச் சொல்பவர் நம்பகமான முஸ்லிம் மருத்துவராக இருக்க வேண்டும் என்று பழைய நூல்களில் நிபந்தனை உண்டு, எங்கள் மருத்துவர் முஸ்லிம் அல்லர். திறமையும் நேர்மையும் தெரிந்த மருத்துவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லை எடுக்கலாம் என்பது இன்றைய ஆலிம்கள் பலர் எடுக்கும் நிலை, ஹஸ்ரத்தும் அதையே சொன்னார்.

எடுத்த முடிவுகள்

ஹஸ்ரத் சொன்ன முறை இது. முகம், கைகள், தலை, வலது கால் வழக்கம்போல. இடது காலின் முறை வரும்போது குதிகாலும் கணுக்காலும் உள்ள நல்ல தோலைக் கழுவ வேண்டும், கட்டின் மேல் ஈரக் கையால் முழுவதும் தடவ வேண்டும், கழுவ முடியாத புண்ணுக்குப் பதிலாக ஒரு தயம்மும் செய்ய வேண்டும். ஒளு முறியாமலே அடுத்த பர்ளு (கடமையான தொழுகை) வந்தால் தயம்முமை மட்டும் புதுப்பித்தால் போதும். ஹனஃபி மத்ஹபில் இது இன்னும் சுலபம், கட்டின் மேல் மஸ்ஹோடு முடிந்துவிடும், தயம்மும் தேவையில்லை. அதைச் சொன்னபோது அவர், "நான் ஓதின மாதிரியே செஞ்சுக்கிறேன் ஹஸ்ரத்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

குதிகாலை மட்டும் நனைப்பது எப்படி என்பது எங்கள் வேலையாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி, விரல்கள் மேலே பார்க்க, குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். கணுக்காலின் பக்கவாட்டில் சிறு குவளையால் ஊற்றினால் தண்ணீர் குதிகால் வழியாக வாளியில் விழுந்துவிடும், விரல் பக்கம் ஏறாது. கட்டின் மேல் தண்ணீர் புகாத ஒட்டுப்படலம் ஒன்றைப் போட்டோம், தடவும் ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க. குழாயைத் திறந்துவிட்டுச் செய்ய வேண்டாம், குவளை போதும் என்றதற்கு அவர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். நபியவர்கள் ஒரு ‘முத்’ (பழைய அரபு அளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்பது அவருக்கே தெரியும், இரண்டு கையும் சேர்ந்து அள்ளும் அளவு அது, லிட்டர் கணக்கில் ஒன்றுக்கும் கீழே.

வலது காலில் புண் இல்லை, ஆனால் சேற்றுப்புண் இருந்தது. அதை வழக்கம்போலக் கழுவலாம், ஒருமுறை கழுவுவதே பர்ளு, மூன்று முறை என்பது சுன்னத்து, குணமாகும் வரை ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளலாம். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடைத்தே ஆக வேண்டும். துடைக்காமல் விடுவது சிறப்பு என்பது காரணம் எதுவும் இல்லாதபோதுதான், இங்கே காரணம் இருக்கிறது என்று ஹஸ்ரத் சொன்ன அந்த ஒரு வரி, எங்கள் பூஞ்சை மருந்தைவிட அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் தெளிவானது. புண்ணிலிருந்து கசியும் நீரோ இரத்தமோ ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுவை முறிக்காது. அவர் ஹனஃபி சட்டத்தை எங்கேயோ கேட்டுத் தன்னுடையதோடு கலந்து வைத்திருந்தார். அந்நியப் பெண் தொட்டால் முறியும் என்பது ஷாஃபிஈ சட்டம்தான், ஆனால் தோலும் தோலும் படும்போது மட்டுமே. செவிலியர் கையுறையோடுதானே கட்டுகிறார்? அந்தக் கூடுதல் ஒளு அன்றோடு நின்றது.

கட்டு நனையாத வாரங்கள்

அடுத்த முறை கட்டைப் பிரித்தபோது உள்ளே காய்ந்திருந்தது, நாங்கள் ஒட்டிய பிளாஸ்டர் நாங்கள் மடித்தபடியே இருந்தது. இரண்டு வாரத்தில் ஓரங்களில் வெளுப்புப் போய்த் தோல் இறுகியது, இடுக்குக் கீறல் மூடியது. ஆனால் புண்ணின் ஆழம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஈரம் ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை.

அந்தப் பெருவிரல் மேடு நடக்கும்போது பாரம் ஏறும் இடம். தொழுகையிலும் அப்படித்தான், நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில் விரல்களை மடக்கி ஊன்றும்போதும் அங்கிருந்து எழும்பும்போதும் அதே இடம்தான் அழுந்துகிறது. பர்ளு மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று), 34 சஜ்தா. சுன்னத்துகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் சாய்ந்து படுத்து என்ற நபிமொழி அவருக்குத் தெரிந்ததுதான், தனக்குப் பொருந்தும் என்றுதான் அவர் நினைக்கவில்லை. நாற்காலிக்கு மாறினார்.

கூடவே, முழங்காலுக்குக் கீழே முழுப் பாதத்தையும் ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு ஒன்றைப் போடலாம் என்று மருத்துவர் முடிவெடுத்தார். உள்ளங்காலின் முன்பக்கத்தில் வரும் இந்த வகைப் புண்ணுக்கு நோயாளியால் கழற்ற முடியாத கட்டே முதல் தேர்வு என்று சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்கின்றன, பாரம் பாதம் முழுக்கப் பரவிவிடும் என்பதால். ஒருமுறை போட்டால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ அப்படியே இருக்கும். குதிகால் கழுவும் ஏற்பாடெல்லாம் இனி செல்லாது. மறுபடி ஹஸ்ரத்.

இந்த முறை பேச்சு சீக்கிரம் முடிந்தது, என்ன கேட்பார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. புண் சிறிது, கட்டு பெரிது, இந்த அளவு தேவைதானா? தேவை, சின்னதாகப் போட்டால் பாரம் பரவாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஒளுவில் கால் கழுவும் கடமை கணுக்கால் வரைதான், எனவே தடவுவதும் அந்த அளவுக்குத்தான், அடிப்பக்கமும் சேர்த்து. கடமையான குளிப்பு வந்தால் மட்டும் கட்டு முழுவதும் தடவ வேண்டும், மற்ற உடம்பைக் கழுவிக்கொண்டு ஒரு தயம்மும். முக்கியமானது கடைசிக் கேள்வி: ஒளுவோடு இருக்கும் நிலையில் கட்டினால், பிறகு இந்தத் தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. ஒளு இல்லாமல் கட்டினால் குணமான பிறகு திருப்ப வேண்டி வரும். எங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. கட்டறையிலேயே அவர் ஒளு செய்துகொள்ள நாற்காலியும் வாளியும் வைத்தோம், பழைய கட்டை எடுத்துச் சுற்றியுள்ள நல்ல தோலை நனைத்துத் துடைத்தோம், மண் டப்பாவை மகள் கொண்டுவந்தார், அதன் பிறகு மாவுக்கட்டு. ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் இதே வரிசை.

நடுவில் ஒரு சறுக்கல்

மாவுக்கட்டுப் போட்ட இரண்டாம் வாரம் மகளிடமிருந்து அழைப்பு. வாப்பா கட்டோடு காலைக் குழாயில் காட்டிவிட்டார். தொழுகைக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர், "மஸ்ஹு ஒரு நாளைக்குத்தான், பயணமாக இருந்தாலும் மூணு நாள், நீங்க இத்தனை நாளா தொழுததெல்லாம் சேராது" என்று சொல்லியிருக்கிறார். தோல் காலுறைக்கான காலக்கெடு அது. கட்டுக்குக் காலக்கெடு இல்லை, புண் ஆறும் வரை செல்லும். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது, ஒரு சட்டத்தை இன்னொன்றோடு குழப்பியிருக்கிறார், அவ்வளவே. ஆனால் நோயாளிக்கு அந்த ஒரு வாக்கியம் பல வார நிம்மதியைக் கலைத்துவிட்டது.

கட்டை அறுத்து எடுத்தோம். தோல் மறுபடி ஊறியிருந்தது, நல்லவேளையாகக் கிருமித் தொற்று இல்லை. சில நாள் சாதாரணக் கட்டில் வைத்துக் காய்ந்த பிறகே மாவுக்கட்டுப் போட முடிந்தது.

அன்று ஹஸ்ரத் நேரிலேயே வந்தார். தலையில் காயம்பட்ட ஒரு நபித்தோழர் பற்றி ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தியை, அபூதாவூத் என்னும் ஹதீஸ் தொகுப்பில் வருவது, அவருக்குச் சொன்னார். பயணத்தில் அந்தத் தோழருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது, தயம்முமுக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார், தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள், குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது, அவரை அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று நபியவர்கள் கடுமையாகக் கண்டித்து, தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றார்கள். அந்த அறிவிப்பின் கடைசியில் வரும், கட்டின் மேல் தடவுவது பற்றிய பகுதியில் ஹதீஸ் கலை அறிஞர்களுக்கு விமர்சனம் உண்டு என்பதையும் ஹஸ்ரத் மறைக்காமல் சொன்னார். சட்டத்தை அதை மட்டும் வைத்து யாரும் எடுக்கவில்லை என்றார். "உங்களுக்கு ஒரு சந்தேகம்னா எனக்குப் போன் போடுங்க, காலைக் குழாயில வைக்காதீங்க" என்றதும் நோயாளி சிரித்துவிட்டார். இப்படிப் பேச எங்களில் யாருக்கும் வாய் வராது, உரிமையும் இல்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த ஒரு காரியம் பயன்பட்டது. ஒரு தாளில், ஹஸ்ரத் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, கீழே மருத்துவர் தன் பங்குக்கு எந்த இடம், எத்தனை நாள், ஏன் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாராவது ஏதாவது சொன்னால் எடுத்து நீட்டுவாராம்.

விளைவு

மாவுக்கட்டு மறுபடி போட்டதிலிருந்து சுமார் இரண்டு மாதத்தில் புண் மூடியது. தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் முதல் மாதமும் நடுவில் போன வாரங்களும் ஈரத்துக்குப் போனவை. எல்லாவற்றையும் ஒளுவின் மேல் ஏற்றிவிட முடியாது, பாரமும் சர்க்கரையும் அதே அளவு காரணம். எச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 7.8.

ஒளுவோடு கட்டுப் போடத் தொடங்குவதற்கு முந்தைய நாட்களின் தொழுகைகள் சிலவற்றைத் திருப்பித் தொழ வேண்டுமா என்ற கேள்வி இருந்தது. புண் ஆறட்டும், பிறகு கணக்குப் பார்ப்போம் என்று ஹஸ்ரத் தள்ளிவைத்திருந்தார், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தொழுது வருகிறார்.

மூடிய புண் என்றாலும் முடிந்த கதை இல்லை. சர்க்கரைப் பாதப் புண் ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. புதுத் தோல் மெல்லியது. இப்போது கட்டு இல்லாததால் சலுகையும் இல்லை, இரண்டு காலையும் கழுவுகிறார், ஒருமுறை, குவளையால், இளஞ்சூட்டுக்கு மேல் போகாமல் மகள் முழங்கையால் தொட்டுப் பார்த்த தண்ணீரில். நகம் ஒட்ட வெட்டியாகிவிட்டது. இடுக்குகளை ஒற்றித் துடைத்த பிறகே காலுறை.

இனி மாற்றிச் செய்வது

எங்கள் பிரிவில் புதிதாக வருபவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: குளிப்பது தவிர ஒரு நாளில் எத்தனை முறை, எதற்காக, கால் நனைகிறது? மதத்தைக் கேட்பதில்லை, நனைவதைத்தான் கேட்கிறோம். வயலில் இறங்குபவர், துணி துவைப்பவர், தொழுகிறவர் எல்லாரும் இதில் வந்துவிடுகிறார்கள்.

"தண்ணீர் படக் கூடாது" என்று மொட்டையாக எழுதுவதை நிறுத்திவிட்டோம். எந்த இடம், எத்தனை நாளுக்கு, ஈரக் கையால் மேலே தடவலாமா, பிரித்தால் என்ன ஆகும் என்று நான்கு வரி எழுதிக் கொடுக்கிறோம். அதை எடுத்துக்கொண்டு நோயாளி தன் ஆலிமிடம் போகலாம், அவர் எந்த மத்ஹபாக இருந்தாலும். ஆலிம் என்ன சொன்னார் என்பதைக் கோப்பில் ஏற்றுகிறோம், அடுத்த முறை கட்டுபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. கட்டறையில் நாற்காலியும் வாளியும் நிரந்தரமாகவே இருக்கின்றன. மாவுக்கட்டு போன்ற நீண்ட நாள் கட்டுப் போடும் முன், ஒளு செய்துகொள்ள நேரம் வேண்டுமா என்று கேட்டுவிடுகிறோம். கட்டுப் போட்ட முதல் வாரத்தில் ஒரு போன் அழைப்பும் வைத்திருக்கிறோம், வெளியே யாராவது ஏதாவது சொல்லிக் குழப்பியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

"ஒத்துழைப்பதில்லை" என்ற குறிப்பை எழுதுவதாக இருந்தால், எதைச் செய்யவில்லை, அதற்கு அவர் சொன்ன காரணம் என்ன என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இன்னும் எல்லாரும் பின்பற்றவில்லை.

இவர் இப்போது உம்ராவுக்கு, மக்கா யாத்திரைக்கு, போக ஆசைப்படுகிறார். இஹ்ராம் என்னும் யாத்திரைக் கட்டுப்பாட்டு நிலையில் ஆண்கள் பாதத்தை மூடும் காலணி போடக் கூடாது, நாங்களோ வெறுங்காலோடு ஓரடியும் நடக்கக் கூடாது என்கிறோம். தேவைக்காகப் போட்டால் பாவம் இல்லை, ஆனால் ஃபித்யா (பரிகாரம்) உண்டு, ஓர் ஆடு அல்லது மூன்று நோன்பு அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு என்று ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார். பாதத்தை முழுக்க மூடாமல் அடியில் மெத்தென்று இருக்கும் செருப்பு ஏதாவது அந்தப் புதுத் தோலுக்குப் போதுமா என்பது அவருடைய அடுத்த கேள்வி, அதற்கு மருத்துவர் இன்னும் பதில் எழுதிக் கொடுக்கவில்லை.